பாசி பிடித்தது உன்னால் அல்ல

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. மூன்று விஷயம் எழுதியிருக்கிறாய். உன் பெண்டாட்டி கஸ்தூரியை வெள்ளிக்கிழமைக்குள் திருவள்ளூருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது ஒன்று. பாசி பிடித்துக் கெட்டுப்போன உன் கடல்தண்ணீர்த் தொட்டியை மறுபடியும் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டிருப்பது இரண்டு. மூன்றாவது கேள்வி இல்லை, நன்றி. "நைனா, சின்ன வயசுல அந்தப் பள்ளிக்கூடத்துத் தொட்டிக்காக நீங்க என்னை அடிச்சீங்களே, அதனாலதான் நான் ஆளானேன். ஒரு பொருளோட அருமை தெரிஞ்சுது. அவளுக்கும் தெரியட்டும்னுதான் கை ஓங்கினேன்" என்று எழுதியிருக்கிறாய். தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டுதான் படித்தேன். அந்த வரியோடு தட்டை நகர்த்தினேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். இரண்டு நாளாக யோசித்துவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

முதல் விஷயத்துக்குப் பதில், அனுப்ப மாட்டேன். 'கை ஓங்கினேன்' என்று நீ எழுதியிருப்பதற்கும் நாங்கள் பார்த்ததற்கும் சம்பந்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி, முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, நம் வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். உன் அம்மா அவளை உள்ளே கூட்டிப்போய் வெந்நீர் வைத்தாள். உன் பெல்ட்டின் இரும்புக் கொக்கி பதிந்த இடங்களில் முதுகுத் தோல் பிய்ந்து ரவிக்கையோடு ஒட்டியிருந்தது. ஈரத்துணி போட்டு ஊறவைத்துத்தான் பிரிக்க முடிந்தது. கீழுதடு இரண்டாகக் கிழிந்திருந்தது. கம்பவுண்டரை வீட்டுக்கே அழைத்துவந்து தையல் போட்டோம். ஊசி ஏறும்போதுகூட அவள் சத்தம் போடவில்லை. அதைப் பார்த்துத்தான் இது முதல் தடவை இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

என்ன நடந்தது என்று நான் கேட்டேன். "தொட்டி பச்சையா பூட்ச்சு மாமா. மீனெல்லாம் செத்து மெதந்துது. நான்தான் தீனி ஜாஸ்தி போட்டுக் கெடுத்துட்டேன்னாரு. ரெண்டு நாள் கொஞ்சம் ஜாஸ்தி போட்டேன், இல்லன்னு சொல்லல" என்றாள். தப்பு செய்த பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, அதே மாதிரி ஒப்புக்கொண்டு, என் முன்னால் ஒரு தடவை நீ நின்றிருக்கிறாய். அந்தக் கதையை உனக்குத் தெரிந்த கதை என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் பதினாலு வருஷமாக மறைத்து வைத்திருக்கிறேன்.

அப்போது உனக்குப் பதினோரு வயது. நான் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டராக இருந்தேன். சயன்ஸ் வாத்தியார் தேக்குச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, இரண்டரை அடி நீளத்தில் ஒரு தொட்டி செய்வித்தார். பழவேற்காட்டு முகத்துவாரத்திலிருந்து சிப்பி ஒட்டிய கற்களை நான்தான் கொண்டுவந்தேன். கற்களை அடுக்கி, கடல் தண்ணீர் ஊற்றி, இரண்டு மாதத்தில் அது உயிரோடு எழுந்து நின்றது. பூப்போல விரிந்து சுருங்கும் கடல் சாமந்தி நாலு, சங்கு ஓட்டுக்குள் குடியிருக்கும் நண்டுகள், கோடு போட்ட சின்ன மீன்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்தெல்லாம் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டினார்கள். பெஞ்சு துடைக்கிறவன், பாட்டில் கழுவுகிறவன் என்று இருந்த என்னை அந்தத் தொட்டிக்குப் பிறகுதான் நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் கோடை லீவில் லேப் கூரையைப் பிரித்து ஓடு மாற்ற வேண்டியிருந்தது. வாத்தியார் தொட்டியை நம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாட்டு வண்டியில் கல்லையும் தண்ணீரையும் பானை பானையாக ஏற்றிவந்து நடுக்கூடத்தில் வைத்தோம். நம் வீட்டில் அப்போது கரண்டு இல்லை. லாரி டியூபில் காற்றை அடைத்து, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று விட்டோம். டியூபுக்குச் சைக்கிள் பம்பால் காற்றடிக்கும் வேலை உன்னுடையது. காலையும் சாயங்காலமும் நீ மூச்சு வாங்க அடிப்பாய்.

வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்று, குடிக்கிற கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் ஊற்றாதே என்று வாத்தியார் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள். இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரம் கல்லில் பச்சையாக ஒரு பூச்சு தெரிந்தது. நாலு நாளில் அது நூல் நூலாக வளர்ந்தது. பத்து நாளில் தொட்டி முழுக்கப் பெண்பிள்ளைத் தலைமுடி மாதிரி பாசி. கடல் சாமந்தி சுருங்கியது, பிறகு விரியவே இல்லை, அழுகி வழிந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து செத்தன. வீடே நாறியது. வாத்தியார் திங்கட்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் செத்த மீன்களை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பாசியில் சிக்கிக்கொண்டு ஊறிப்போன பொரி ஒன்றைப் பார்த்தேன்.

"யாரு போட்டது?" என்று கேட்டேன். நீ பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாய். "நான்தான் நைனா. ஒரு தபாதான் போட்டேன். துன்னுமான்னு பாத்தேன்" என்றாய். உன் கையிலிருந்த பம்பைப் பிடுங்கினேன். பித்தளைப் பம்பு, கனமானது. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். நீ ஓடியிருந்தால் நான் நின்றிருப்பேனோ என்னவோ, நீ ஓடவில்லை. தலையை மறைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாய். உட்கார்ந்த பிறகும் அடித்தேன். உன் அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். அவளை உதறித் தள்ளினேன். அவள் ஆட்டுக்கல் மேல் விழுந்தாள், மணிக்கட்டு முறிந்தது. இப்போதும் அந்தக் கை நேராக நிற்காததைப் பார்க்கிறாய். திரும்பி வந்து உன் கையை விலக்கி, பம்பின் கீழ்ப்பக்கத்தால் இடது காதோடு சேர்த்து ஓர் அடி அடித்தேன். அதன் சத்தம் எனக்குள் இன்னும் இருக்கிறது. காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. உன் அம்மா ஒரு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்து நமக்கு நடுவில் நின்றாள். "இன்னொரு அடி வுழுந்துச்சின்னா உன் கை தனியா பூடும்" என்றாள். கத்தவில்லை. அவள் நிஜமாகவே வெட்டுவாள் என்று தெரிந்ததால்தான் நான் நின்றேன். வேறு எந்த நல்ல குணத்தாலும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான் என்று நான் சொன்னேன். அவர் உன்னைப் பார்த்தார். நீயும், "ஆமா சார், வுழுந்துட்டேன்" என்றாய். காதுச் சவ்வு கிழிந்து உள்நரம்பும் அடிபட்டுவிட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார். அதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வதுதான் தெரியாதது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கழனிப் பக்கம் போனேன். அங்கே பம்புசெட்டுக்கு அடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். குடிக்கிற கிணறு தெருக்கோடியில் இருந்தது. அந்த வெயிலில் சொம்பைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போகச் சோம்பல் பட்டுக்கொண்டு, இரண்டு வாரமாக நான் அந்தச் சிமெண்டுத் தொட்டியில்தான் தண்ணீர் மொண்டுவந்து மீன் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்தால், கழனிக்காரர் வீட்டு ஆள் அந்தத் தண்ணீரில் யூரியா சாக்குகளை முக்கி முக்கி அலசிக்கொண்டிருந்தான். "தெனமும் இங்கதான் அலசுவியா?" என்று கேட்டேன். "உரம் போட ஆரம்பிச்சதுலேர்ந்து இங்கதாண்ணா. சாக்கு வேற எதுக்காச்சும் வேணும்ல" என்றான். நாற்றுக்குப் போடுகிற உரம். நெல்லைப் பச்சையாக வளர்க்கிற உரத்தைக் கரைத்த தண்ணீரை, ஒரு நாளைக்கு ஒரு சொம்பாக, என் கையாலேயே அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள் ஊற்றியிருக்கிறேன். பாசி வளராமல் என்ன செய்யும்? நீ போட்ட பொரி அதில் தூசு.

அந்த நிமிஷமே வீட்டுக்கு வந்து உன் காலடியில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். நீ காதில் பஞ்சை வைத்துக்கட்டிக்கொண்டு சுவரோரம் படுத்திருந்தாய். நான் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டேன். திங்கட்கிழமை வாத்தியார் வந்தார். தொட்டியைப் பார்த்தார், உன் தலைக்கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி எங்கேர்ந்துப்பா எடுத்தே?" என்று கேட்டார். "குடிக்கிற கெணத்துலதான் சார். பையன் பொரியைப் போட்டுக் கெடுத்துட்டான்" என்றேன். நீ அங்கேதான் நின்றாய். கேட்கிற காது என் பக்கம் இருந்தது. "மன்னிச்சிக்கோங்க சார்" என்று அவரிடம் சொன்னாய். உன்னைப் பம்பால் அடித்ததைவிட அதுதான் பெரிய அடி என்று இப்போது தெரிகிறது. அடிக்கும்போது எனக்கு வெறி இருந்தது. பொய் சொல்லும்போது நான் நிதானமாக இருந்தேன்.

தொட்டியை மறுபடியும் ஆரம்பித்தது நீதான். வாத்தியார் சொல்லச் சொல்ல எல்லா வேலையையும் நீயே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாய். கல் ஒவ்வொன்றையும் இரும்பு பிரஷால் தேய்த்தாய். சிப்பி ஓடு கிழித்து உன் பத்து விரலும் ரத்தம். "நான் பண்ண தப்பு, நானே பண்றேன்மா" என்று சொல்லி உன் அம்மாவைக்கூடக் கிட்டே விடவில்லை. நான் கூடத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் தொட்டி தெளிந்தது. வாத்தியார் உன் முதுகில் தட்டிக் கொடுத்தார். நீ சிரித்தாய். அடிபட்டதால்தான் பாடம் கற்றேன், அதனால்தான் இது கிடைத்தது என்று அன்றைக்கு உன் மனதில் விழுந்திருக்கிறது. அதைத்தான் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தில் எனக்கு நன்றியாக எழுதி அனுப்பியிருக்கிறாய். அதை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. செய்திருந்தாலும் அந்த அடிக்கு அது காரணம் இல்லை. வாத்தியாரிடம் என் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் நான் அடித்தேன், அவ்வளவுதான்.

என் அப்பா என்னைப் படகுக் கழியால் அடிப்பார். பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் இடத்துக்காகப் பக்கத்துக் குப்பத்தோடு சண்டை வந்தபோது, பத்தொன்பது வயதில் நான் ஒருவன் தோளெலும்பைத் துடுப்பால் உடைத்தேன். ஊரே என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அடிக்கிறவனுக்குத்தான் மரியாதை என்று அங்கே கற்றுக்கொண்டேன். இதை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. எங்கிருந்து வருகிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கஸ்தூரி திங்கட்கிழமை உன் அம்மாவிடம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். "வேணாம் வேணாம்னு கத்தினேன் அத்தை. அவருக்குக் கேக்கலியோன்னு நெனச்சேன். அப்புறம் ரயில்ல வரப்போ எந்தப் பக்கம் நின்னுகினு இருந்தேன்னு யோசிச்சுப் பாத்தேன். நல்ல காது பக்கம்தான் நின்னேன்." இதற்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்?

நேற்று அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் பழவேற்காட்டிலிருந்து வந்தார்கள். பெரியவன் அவள் உதட்டைப் பார்த்தான். "அவன் எங்க?" என்றான். திருவள்ளூரில் என்றேன். "நீ இன்னா பிள்ளை பெத்து வெச்சிருக்க பெரியவரே?" என்று என் சட்டையைப் பிடித்தான். நான் கையை விலக்கவில்லை. மூஞ்சியில் ஒரு குத்து விட்டான். விழுந்தேன். முன்பல் ஒன்று போய்விட்டது. சின்னவன் கொல்லைப்பக்கம் கிடந்த கட்டையைத் தூக்கிவிட்டான். கஸ்தூரி ஓடிவந்து என் முன்னால் நின்றாள். "ஒரு ஊட்ல அடி வாங்கிகினு இங்க வந்தேன். இங்கயும் அதையே பாக்கணுமா? கீழ போடுண்ணா" என்றாள். அவன் போட்டான். பிறகு அவர்களை உட்காரவைத்து, இந்தக் கடிதத்தில் உனக்கு எழுதியிருப்பதை எல்லாம் அவர்களுக்கும் உன் அம்மாவுக்கும் கஸ்தூரிக்கும் ஒருசேரச் சொன்னேன். வாயில் ரத்தத்தோடு சொன்னேன். யூரியா சாக்கைப் பற்றி உன் அம்மா கேட்பது அதுதான் முதல் தடவை. அப்புறம் சொன்னாள், "காது வலிக்குதுன்னு அவன் அழறப்பல்லாம், நீ பண்ண வேலைக்குத்தாண்டா நைனா அடிச்சாருன்னு நான்தானே சொல்லிச் சொல்லித் தூங்கவெச்சேன்." அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்றைக்கும் பேசவில்லை. பேசுவாள் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

தொட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். கல்லையெல்லாம் எடுத்துத் தேய்த்து வெயிலில் வெளுக்கும் வரை காயவை. மணலைப் பலதரம் அலசு. பழைய தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வைக்காதே. நீ மேலே ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் போய்ப் பார், அதில் என்ன கலக்கிறது என்று பார். ஜன்னல் வெயில் தொட்டி மேல் விழுந்தால் இடத்தை மாற்று. முகத்துவாரத்துக்கு வெளியே, கடல் பக்கத்துத் தண்ணீர்தான் வேண்டும், மழை நாளில் எடுக்காதே. காய்ந்த கல்லோடு உயிருள்ள கல் ஒன்றிரண்டு வை. மேலே துணி போட்டு மூடிவிட்டு, காற்று மட்டும் விட்டுக்கொண்டு, மூன்று வாரம் எதையும் உள்ளே விடாதே. நாறும், பழுப்பாக ஒரு படலம் படியும், பிறகு தானாகப் போகும். அதற்குப் பிறகு நத்தை, அப்புறம் நண்டு. மீன் கடைசியில். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் எல்லாம் சாகும். ஆனால் ஒன்று. கஸ்தூரி போட்ட தீனியால் பாசி வந்ததா, உன் தண்ணீரால் வந்ததா என்று நீ கண்டுபிடித்தாலும் அதை எங்களுக்கு எழுத வேண்டாம். அவள்தான் காரணம் என்றே இருந்தாலும் இங்கே யாருக்கும் அது வேண்டியதில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் அவளுடைய பெரிய அண்ணனும் திருவள்ளூருக்கு வருகிறோம். அவளுடைய தையல் மிஷின், துணிமணி, பள்ளிக்கூடச் சர்டிபிகேட் எல்லாவற்றையும் எடுத்து வை. அவன் உன்மேல் கை வைக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். வைத்தால் நடுவில் நான் நிற்பேன். நீ கை வைத்தாலும் நான்தான் நிற்பேன். நீ என்னை அடிக்க வேண்டும் என்று நினைத்தால் அதற்கு உனக்குக் காரணம் இருக்கிறது, நான் தடுக்க மாட்டேன். ஆனால் என்னை அடிப்பதோடு அது நிற்க வேண்டும்.

அவள் திரும்பி வருவாளா என்று என்னிடம் கேட்காதே. அவளுக்கே இன்னும் தெரியாது. நீ இங்கே வரலாமா என்று அவளிடம் கேட்டேன். வரலாம், வாசலில் உட்காரலாம், கூப்பிடாமல் உள்ளே வரக் கூடாது என்றாள். நம் வீட்டில் அவள் வைத்த முதல் சட்டம் இது. நானும் உன் அம்மாவும் ஒப்புக்கொண்டோம்.

தபாலில் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியிருப்பது உண்மைதானா என்று கேட்டேன். உண்மைதான் என்றாள். ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். அப்பன் மனசு கேட்காமல், "என் பிள்ளை அடிப்படையில் நல்லவன்தான்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். "அத அவரு நடந்து காட்டட்டும் மாமா, நீங்க எழுதாதீங்க" என்றாள். எடுத்துவிட்டேன்.

உன் நைனா